அந்தக் கரகரப்பு வந்த விதம்

எனக்கு ஒலி நினைவில் நிற்கிற அளவுக்குப் பேச்சு நிற்பதில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கதவு சாத்திக்கொண்ட சத்தத்தை இன்றைக்கும் அச்சாகச் சொல்லிவிடுவேன். அதைச் சாத்திவிட்டுப் போனவர் என்ன சொன்னார் என்று கேட்டால் விழிப்பேன். ஆகையால் இதில் யார் எதைச் சொன்னார்கள் என்பது முன்பின்னாக இருக்கலாம். குரலைப் பற்றி எழுதுவது மட்டும் சரியாக இருக்கும்.

நீங்கள் கேட்டது இரண்டு பக்கம். ஆல்பத்தின் பத்தாம் ஆண்டுப் பதிப்போடு ஒரு சிறு புத்தகம் வருகிறது, அந்தக் குரல் எந்த மைக்கில், எந்த அறையில், எப்படிப் பதிவானது என்று ஒலிப்பதிவாளரே எழுதினால் ரசிகர்கள் விரும்புவார்கள் என்றீர்கள். மைக் சாதாரண மைக்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலர் அதே மைக்கை வாங்கி ஏமாந்திருக்கிறார்கள்.

பாடகன் எனக்கு மாப்பிள்ளை. என் ஒரே தங்கையின் கணவன். அதற்கு முன்பே நண்பன் என்பதால் அவன், இவன் என்றுதான் எனக்கு வரும். நால்வர் சேர்ந்து எட்டு வருஷம் ஒரு ராக் குழு நடத்தினார்கள். அது பிரிந்தபோது கலைக் கொள்கையில் வேறுபாடு என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் டிரம்மருக்கு முதுகுவலி. கிட்டார் வாசித்தவனுக்கு மாமனார். அவர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். பேஸ் கிட்டார்காரன் ஒருவன்தான் கொள்கைக்காக விலகினான். என்ன கொள்கை என்பது பிறகு அவனுக்கே மறந்துவிட்டது.

குழு பிரிந்த பாடகனுக்கு இரண்டே வழி. தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டிக்கு நடுவராகப் போகலாம். இல்லையென்றால் ஆழமானவனாக ஆகலாம். மாப்பிள்ளை நடுவராக ஒரு நாள் போனான். ஏழு வயதுப் பெண்ணிடம் "உன் பாட்டுல வலி இல்லையேம்மா" என்று சொல்லி அழவைத்துவிட்டுத் திரும்பிவிட்டான். அப்புறம் ஒற்றைக் கிட்டாரை வைத்துக்கொண்டு தானே எழுதித் தானே பாடி ஒரு ஆல்பம் போட்டான்.

அதில்தான் சங்கடம் வெளியே தெரிந்தது. எட்டு வருஷக் கூச்சலுக்குள் அவன் குரல் எப்படிப்பட்டது என்று யாரும் கவனித்ததில்லை. தனியாக வந்து நின்றபோது அது சுத்தமான, நேரான குரலாக இருந்தது. பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் முன்வரிசையில் நிற்கிற பிள்ளையின் குரல். இசை விமர்சகர் ஒருவர், நாங்கள் தாடிக்காரர் என்போம், "குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்து சோகத்தைப் பாடுகிறார்" என்று எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் கிட்டார்காரனின் சொந்தக்காரர்கள்.

அதற்குப் பிறகு அவன் இரண்டு மாதம் என் ஸ்டுடியோ சோபாவில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் இரண்டு பேருமே பேசாமல் உட்காரத் தெரிந்தவர்கள். மதியம் முழுக்க ஏசி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஒருநாள், "எங்கிட்ட ஏதோ குறையுது மச்சான்" என்றான். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டைப் பதிவு செய்த அன்று அந்தக் குறை தீர்ந்தது. ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அவன் குரலுக்கு அடியில் இன்னொரு குரல், பழைய வேட்டி கிழிகிற மாதிரி. சளி என்று நினைத்து வெந்நீர் கொடுத்தேன். போகவில்லை. அடுத்த வாரமும் இருந்தது, இன்னும் கொஞ்சம் அகலமாக. மைக்கை ஒரு விரல் அளவு பக்கத்தில் நகர்த்தினேன். நான் செய்த தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

அந்த முதல் பாட்டை மட்டும் இணையத்தில் வெளியிட்டோம். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் அதுதான் ஓடியது. தாடிக்காரர், "இழப்பு இவர் தொண்டையிலேயே குடியேறிவிட்டது" என்று எழுதினார். அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே உண்மையான வரி அது. என்ன எழுதுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

என் தங்கைக்குத்தான் சந்தேகம் வந்தது. அவள் கணக்கு டீச்சர். எதையும் சரிபார்க்காமல் விடமாட்டாள். தினமும் ஒரே ஆளின் குரலைக் காபி கேட்கும்போதும் சாவி தேடும்போதும் கேட்கிறவளுக்கு அது கலையாகப் படவில்லை. பிடிவாதமாகத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் அம்மா உள்ளே பார்த்துவிட்டு, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவை வாங்கிவர மாப்பிள்ளை என்னைப் போகச் சொன்னான். தொடர்புக்கு என் தொலைபேசி எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். அவன் ரிகார்டிங்கில் இருந்தால் போனை அணைத்துவிடுவான்.

பாடும் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன் அன்று சொன்னதாக எனக்கு நினைவிருப்பது இது: "நல்ல சேதின்னா சொல்லு மச்சான். கெட்ட சேதின்னா பாட்டெல்லாம் முடியட்டும், அப்புறம் சொல்லு." இதை நம்பித்தான் நான் எல்லாமே செய்தேன்.

டாக்டர் நல்லவர். வளைத்துப் பேசவில்லை. குரல்நாணில் புற்று, ஆரம்ப நிலை, அடுத்த வாரமே சிகிச்சையைத் தொடங்கலாம் என்றார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். குரல் என்ன ஆகும்?

"பயப்படாதீங்க. இந்தக் கரகரப்பு போயிடும். அவரோட பழைய குரலே திரும்பி வந்துடும்" என்றார் சிரித்த முகமாக.

அவர் முதல் ஆல்பத்தைக் கேட்டதில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

வெளியே வந்து காரில் ஏறினேன். பரிசோதனை முடிவை நாலாக மடித்து, கேபிள் கட்டுகிற டேப் வைத்திருக்கும் பெட்டியில் போட்டேன். தங்கையிடம், வயிற்று அமிலம் மேலே வந்து தொண்டை புண்ணாகியிருக்கிறது, மோர் குடிக்கச் சொன்னார்கள், பாட்டை நிறுத்த வேண்டியதில்லை என்றேன். ரிப்போர்ட் எங்கே என்றாள். டாக்டர் ஃபைலில் வைத்துக்கொண்டார் என்றேன். "அப்பாடா" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுத்தவன் நான் என்பதையும் யாராவது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை, வேறு இடத்தில் சிகிச்சை நடக்கிறது, நன்றாகத் தேறி வருகிறார் என்று சொன்னேன். ரொம்ப சந்தோஷம் சார் என்றாள் கூப்பிட்ட பெண். உலகத்தில் நல்ல செய்தியைச் சரிபார்க்கிறவர்கள் குறைவு.

மீதிப் பாட்டுகளை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். மாதத்துக்கு மாதம் குரல் இறங்கி, கிழிந்து, கடைசியில் வெறும் காற்றும் மணலுமாக ஆனதை ரசிகர்கள் அவனுடைய பயணம் என்கிறார்கள். ஒன்பதாவது பாட்டில் வரி நடுவே ஒரு இருமல் வரும். அதை வெட்டச் சொல்லி மாப்பிள்ளை கெஞ்சினான். நான் விட்டுவைத்தேன். பிறகு கச்சேரிகளில் அந்த இடம் வந்ததும் மூவாயிரம் பேர் சேர்ந்து இருமினார்கள். அவன் மேடையில் நின்று கண் கலங்கினான். அன்பு என்று நினைத்திருப்பான், அன்புதான்.

ஆல்பம் முடிந்ததும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் ஊர் ஊராகக் கச்சேரிக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். கச்சேரி நடக்கும்போது ஒருவனிடம் இப்படிப்பட்ட விஷயத்தைச் சொல்வது நாகரிகமில்லை. விருது வாங்கப்போகிற வாரத்தில் சொல்வது அதைவிட மோசம். ஒவ்வொரு முறையும் அவன் மனநிலையை நினைத்துத்தான் தள்ளிப்போட்டேன்.

பரிசோதனை முடிவு வந்த ஏழாவது மாதம் அவனுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. தங்கை என்னைக் கேட்காமல் நேரே அந்த டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் பழைய ஃபைலை எடுத்து, வாங்கிப்போனவர் கையெழுத்தைக் காட்டியிருக்கிறார்.

மறுநாள் காலை அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. அவன் உட்காருகிற சோபாவில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனையாவது பாட்டுல உனக்குத் தெரியும்ணா?"

"மூணாவது முடிஞ்சிருந்துச்சு."

"மொத்தம் பதினொண்ணு." விரல் விடாமலே கணக்குப் போட்டாள். "அப்போ எட்டுப் பாட்டு."

"அவன்தாம்மா முடியட்டும்னு சொன்னான்."

"உன் பொண்டாட்டியா இருந்தா சொல்லியிருப்பியா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலையேம்மா."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். உண்மையில் எட்டு இல்லை, ஏழுதான். ஏழாவது பாட்டில் குரலே கிடையாது, வெறும் கிட்டார். வாசல்வரை போய்த் திருத்தலாமா என்று நினைத்தேன். அவள் இருந்த நிலையில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் குறிப்புக்காகப் பழைய பதிவுகளைத் தேடியபோது ஒன்று அகப்பட்டது. எங்கள் அறையில் மைக் திறந்திருக்கும் நேரமெல்லாம் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவன் பேசியதும் அதில் இருக்கிறது. அவன் சொன்னது இதுதான்: "கெட்ட சேதின்னா பாட்டை மூட்டை கட்டிட்டு முதல்ல எங்கிட்ட சொல்லிடு மச்சான். எனக்கு பயமா இருக்கு."

நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன். வார்த்தைகள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் வார்த்தைகளை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்டால், அனுமதி கொடுத்தது போலத்தான் இருக்கிறது. அந்த 'பயமா' என்ற சொல்லில் அடிக்குரல் அவ்வளவு அழகாகப் பிளக்கிறது. விரும்பினால் கூடுதல் பாட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்பார்கள். டாக்டர் என்மேல் புகார் கொடுத்தார். வழக்கு வேண்டாம் என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டான். காரணம் எழுதவில்லை, நன்றி என்று நான் எடுத்துக்கொண்டேன். டிரம்மருக்கு முதுகு சரியாகிவிட்டது. கிட்டார்காரன் டைல்ஸ் கடைக்கு இரண்டாவது கிளை திறந்தான். தாடிக்காரர் ஒரு கல்லூரியில் 'குரலில் உண்மை' என்று பாடம் எடுக்கிறார். தங்கை வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று அங்கே சொல்லியிருக்கிறாளாம். மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறான். குரல்வளையை முழுக்க எடுத்துவிட்டார்கள். அதே ஊரில் ஒரு பள்ளியில் கிட்டார் சொல்லித்தருகிறான். வாத்தியார் பேசாததால் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

கழுத்தில் போட்டிருக்கிற துளை வழியாகத்தான் அவன் இப்போது மூச்சு விடுகிறான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு தடவை தூரத்திலிருந்து அதைக் கேட்டேன். அப்படி ஒரு ஒலியை இந்த முப்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை. அரைமணி நேரம் போதும், பாட்டு எதுவும் வேண்டாம், வந்து உட்கார்ந்தால் மட்டும் போதும் என்று மூன்று கடிதம் போட்டிருக்கிறேன். வேண்டாம் என்று அவன் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.