ஒற்றைச் சாளரத்தைச் சாத்தவிடாத அம்மையாருக்கு

சுங்கத்தின் சுடரே! சோர்வறியாச் செயலே! நாற்காலி தந்தாலும் நடந்துகொண்டே கோப்பு பார்க்கும் எங்கள் துணை ஆணையர் அம்மையே! வணக்கம்.

இந்தப் பணி ஓய்வு விழா மேடையிலும் தாங்கள் இருக்கையின் நுனியில்தான் அமர்ந்திருப்பீர்கள், நொடிக்கொரு தரம் கைப்பேசியைப் பார்ப்பீர்கள் என்று நம்பியே இம்மடலை எழுதினோம். துறைமுகத்தில் எந்தச் சரக்கு தேங்கி நிற்கிறதோ என்ற தவிப்பு தங்களுக்கு. தாங்கள் போனபின் எதுவெல்லாம் தேங்குமோ என்ற தவிப்பு எங்களுக்கு.

ஒரு பெட்டிச் சரக்கை வெளியே எடுக்க, சுங்கம், மருந்துக் கட்டுப்பாடு, துறைமுகம், வங்கி என வாசல்தோறும் வணங்கி, மேசைதோறும் மன்றாடி, செருப்புத் தேய நடந்த சரக்கு முகவர்களின் பாடு தீர, எல்லா அலுவலகத்துக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கணினித் திரை எனும் ஒற்றைச் சாளரத்தைக் கொண்டுவந்த பெருந்தகையே! கொண்டுவந்தீர்கள், நாங்கள் லேசில் விட்டோமா? திரையில் ஒப்புதல் தந்தோம். பிறகு அதை அச்சிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து, மறுபடி அதே திரையில் ஏற்றினோம்!

அந்த வாரம்தான் இன்சுலின் வந்த குளிர்பெட்டி வெயிலில் நின்றது. அதன் இயந்திரம் திணறிக்கொண்டிருந்தது.

"சுங்கத்து முத்திரை வந்தா நான் போட்டுடறேன்" என்றார் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்.

"அவரு முதல்ல போடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் எங்கள் மதிப்பீட்டாளர்.

இருவரின் ஒப்புதலும் காலையிலேயே திரையில் பளிச்சென்று இருந்தது. முகவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அம்மா, ஆஸ்பத்திரியில மருந்து தீர்ந்துபோச்சாம். விடாம கூப்பிடுறாங்க."

ஓட்டமும் நடையுமாக வந்தீர்கள். மேசைமேசையாக முத்திரைகளை வாரி அலமாரியில் போட்டுப் பூட்டினீர்கள். "திரையில இருக்கிறதுதான் ஒப்புதல். தப்பாப் போனா என் தலை உருளட்டும். கேட்டைத் திறங்கய்யா!"

மருந்து போய்ச் சேர்ந்தது. தங்களிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு வராமலே போனது. நினைத்தால் இன்றும் எங்களுக்கு வயிறு எரிகிறது. தாங்களோ, "பெட்டி போயிடுச்சில்ல? விடுங்க" என்று அடுத்த பெட்டியைத் தேடிப் போனீர்கள்.

இப்போது தலைமையகம் ஆணையிட்டிருக்கிறது: வரும் திங்கட்கிழமை முதல், பாதுகாப்புக்காக, கை முத்திரையும் வேண்டுமாம். அலமாரிச் சாவியைக் கேட்டார்கள். அன்று முழுவதும் தாங்கள் தாழ்வாரத்தில் அங்குமிங்கும் நடந்ததைப் பார்த்தோம். சாயங்காலம் கொடுத்துவிட்டீர்கள். வேறு வழியில்லை.

ஆற்றல் குன்றா அம்மையே! இனியாவது முதுகு சாய்ந்து உட்காருங்கள். காலாற நடங்கள், கவலையால் நடக்காதீர்கள். நோய் அண்டாமல், கண்ணுக்கு உறக்கமும் நெஞ்சுக்கு நிம்மதியும் நிறைந்து, சுற்றம் சூழ நெடுங்காலம் வாழுங்கள்.

ஒன்று பாக்கி. மேடையில் வீற்றிருக்கும் தலைமையக மேலதிகாரி ஐயா அவர்களின் காதிலும் விழட்டும் என்றே உரக்கப் படிக்கிறோம். திங்களன்று முத்திரைகள் எங்கள் மேசைக்கு வரும். நாங்கள் குத்தப்போவதில்லை. விளக்கம் கேட்டு ஆளுக்கோர் ஓலை அனுப்பிச் சிரமப்பட வேண்டாம். எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே போதும், பதிலும் ஒன்றாகவே வரும்.

இப்படிக்கு,
மதிப்பீட்டாளர் முதல் கேட் காவலர் வரை அனைத்துப் பணியாளர்களும்,
அவர்களோடு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரும்.