ஆர்வேயின் இரண்டாவது இசைத்தட்டு

உதயகுமாரி: அந்தப் பெட்டியை இஞ்சாலை இழுங்கோ அனஸ்ரேசியாக்கா... அது நான் பாக்கேல்லை.

அனஸ்ரேசியா: இதுவும் அக்கோடியன்தான். மேலை அக்கோடியன், கீழை யேசு பிறந்த நத்தார்ப் பாட்டு. நோர்வேச் சனம் இந்த இரண்டையும்தான் கேட்டுக்கொண்டு இருந்திருக்குது போல.

உதயகுமாரி: நடுவிலை பாருங்கோ.

அனஸ்ரேசியா: நடுவும் பாத்திட்டன். போன சனி ஹவுகெட்டோப் பள்ளிக்கூடத்திலையும் தேடினனியாமே. உடுப்புப் பாக்கத்தான் என்னை இந்தப் பழஞ்சாமான் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு வாறாய் எண்டு நினைச்சன். விரலெல்லாம் தூசி.

உதயகுமாரி: ஒரேயொரு றெக்கோட்தான் அக்கா. ஆர்வே எண்டு பேர் போட்டிருக்கும். எழுபத்தெட்டிலை வந்தது.

அனஸ்ரேசியா: இருபத்தேழு வருசத்துக்கு முந்தினதோ? உன்ரை வீட்டிலை றெக்கோட் போடுற மிசினே இல்லை.

உதயகுமாரி: எனக்கில்லை. நான் பின்னேரத்திலை வேலைக்குப் போற வீட்டு மனுசனுக்கு.

அனஸ்ரேசியா: ஆர் அது, ஸ்டோவ்னரிலை இருக்கிறவரோ? கதைக்க ஏலாதவர்?

உதயகுமாரி: ஓம். பாரிசவாதம் வந்து ஒண்டரை வருசம்.

அனஸ்ரேசியா: உனக்கு முந்திப் போன பிள்ளைக்குப் பிளேட்டாலை எறிஞ்சவராமே. ஒபிஸிலை எல்லாரும் கதைச்சவை. வீட்டுக்கு வீடு உதவிக்குப் போற நாங்கள் ஒரு வீட்டுக் கதையை வெளியிலை கதைக்கக்கூடாது எண்டும் அதே ஒபிஸிலைதான் சொன்னவை...

உதயகுமாரி: நீங்களும் அதே ஒபிஸ்தானே. உங்களுக்குச் சொன்னால் அது வெளியிலை இல்லை.

அனஸ்ரேசியா: சரி, கையாலை தேடிக்கொண்டு சொல்லு.

உதயகுமாரி: அவர் சும்மா எறியேல்லை அக்கா. மூண்டு தரம் தண்ணி கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை மூண்டு தரமும் உருளைக்கிழங்கை நீட்டியிருக்கிறா.

அனஸ்ரேசியா: கதைக்க ஏலாதவர் எப்பிடித் தண்ணி கேட்டவர்?

உதயகுமாரி: பாடி.

அனஸ்ரேசியா: ...என்ன?

உதயகுமாரி: நான் போன மூண்டாம் நாள், கட்டில் துணி மாத்தேக்கை ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தனான். பின்னாலை கூடவே ஒரு குரல் வருது. திரும்பினால் இந்த மனுசன். 'ம்', 'ஆ' எண்டதுக்கு மேலை ஒரு சொல்லு வராதவர், என்ரை மெட்டைப் பிடிச்சுக்கொண்டு வாறார். பேந்து அலுமாரியிலை பாத்தால் அவரின்ரை படம் போட்ட றெக்கோட் ஒண்டு. தொப்பி, பூட்ஸ், பக்கத்திலை குதிரை...

அனஸ்ரேசியா: குதிரையோ?

உதயகுமாரி: இளந்தாரி வயசிலை கன்ட்ரி ரொக் பாட்டுக்காரராம். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுறது. மகள் வடக்கை, பூடோவிலை இருக்கிறா. ரெலிபோன் எடுத்துக் கேட்டனான். அந்தக் குதிரை இரவலாம். அப்பாவுக்குக் குதிரையெண்டால் பயமாம்.

அனஸ்ரேசியா: பாவம், குதிரைக்கும் பயமாயிருந்திருக்கும்.

உதயகுமாரி: நான் அதை எடுத்துப் போட்டுவிட்டன். முதல் பாட்டிலையிருந்து கடைசி வரைக்கும் ஒரு சொல்லுத் தடக்காமல் கூடவே பாடினார் அக்கா. எல்லாம் இங்கிலீசு. நான் கட்டில் நுனியிலை அப்பிடியே இருந்திட்டன். கதைக்கிற சொல்லெல்லாம் போயிட்டுது... பாட்டுக்குள்ளை வைச்ச சொல்லு மட்டும் அப்பிடியே கிடக்கு. டொக்டரைக் கேட்டால், அப்பிடி நடக்கிறதுதான் எண்டார்.

அனஸ்ரேசியா: ஓம்... எங்கடை கோயிலிலையும் ஒருத்தர் திக்கித் திக்கித்தான் கதைப்பார். பாட்டெண்டால் திக்கமாட்டார்.

உதயகுமாரி: பேந்துதான் கவனிச்சன். தொண்டை காய்ஞ்சால் ஒரு பாலைவனப் பாட்டு. மூண்டு நாள் மணலிலை நடந்தன், ஒரு சொட்டுத் தண்ணியில்லை எண்டு. வெளியிலை உலாவப் போகவேணுமெண்டால், குதிரைக்குச் சேணம் போடு எண்டு. குளிரெண்டால், நெருப்பை மூட்டு கூட்டாளி எண்டு...

அனஸ்ரேசியா: ஸ்டோவ்னரிலை, பத்து மாடிக் கட்டடத்திலை இருந்துகொண்டு...

உதயகுமாரி: சிரியுங்கோ. நானும் முதல் சிரிச்சனான். ஆனா நினைச்சுப் பாருங்கோ. கையிலை இருக்கிறது பதினொரு பாட்டு. அதை வைச்சுக்கொண்டு காலமையிலையிருந்து படுக்கிற வரைக்கும் கதைச்சு முடிக்கிறார். எங்களாலை ஏலுமோ?

அனஸ்ரேசியா: ...ஏலாது. கெட்டிக்காரன்தான். அப்ப ஏன் இன்னொரு றெக்கோட்?

உதயகுமாரி: நான் வெளிக்கிடேக்கை ஒரு வரி பாடுவார். ஒவ்வொரு பின்னேரமும். நான் வாசலிலை குனிஞ்சு சப்பாத்துப் போடுவன், அவர் கதிரையிலை இருந்து 'இக்கெ கோ' எண்டு துவங்குவார்.

அனஸ்ரேசியா: போகாதை எண்டு.

உதயகுமாரி: அதோடை சொல்லு நிண்டிடும். மெட்டு மட்டும் போகும். இது நோர்ஸ்க், நோர்வேப் பாசை. முதல் றெக்கோட் முழுக்க இங்கிலீசு. அப்ப இது அதிலை இல்லை. மகள்தான் சொன்னா, அப்பா இரண்டாவது ஒண்டும் போட்டவர், அது நோர்ஸ்கிலைதான் எண்டு.

அனஸ்ரேசியா: அது வீட்டிலை இல்லையோ?

உதயகுமாரி: இல்லை. அது ஒரு கதை. முதல் றெக்கோட்டுக்குப் பிறகு அவர் பால் லொறி ஓடப் போயிருக்கிறார். லொறிக்குள்ளை இருந்துதான் மற்றப் பாட்டெல்லாம் எழுதினது. றெக்கோட் கொம்பனிக்காரர் திரும்பவும் குதிரை, திரும்பவும் இங்கிலீசு எண்டு கேட்டவையாம். இவர், நான் ஓடுற றோட்டை என்ரை பாசையிலைதான் பாடுவன் எண்டு நிண்டிட்டார். கொஞ்ச றெக்கோட்தான் அடிச்சதாம். றேடியோவிலை ஒருதரம் கூடப் போகேல்லை. இருந்த எல்லாத்தையும் ஆக்களுக்குக் குடுத்திட்டு, பென்சன் எடுக்கிற வரைக்கும் லொறியே ஓடியிருக்கிறார்.

அனஸ்ரேசியா: ம்... பிடிவாதக்காரன்.

உதயகுமாரி: நீங்கள் சொல்லுங்கோ அக்கா. ஒரு மனுசன் கதவைப் பாத்துப் போகாதை எண்டால் எப்பிடிப் போறது? நான் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இன்னும் இருபது நிமிசம் இருப்பன். திரும்ப எழும்ப, திரும்பவும் அதே வரி. வீட்டை போய்ச் சோறு வைக்கேக்கையும் காதுக்குள்ளை அதுதான்.

அனஸ்ரேசியா: ...இந்தப் பெட்டி முடிஞ்சுது. மேசைக்குக் கீழை இன்னொண்டு கிடக்கு. பிடி.

உதயகுமாரி: நத்தார்... நத்தார்... பிள்ளையள் பாட்டு... அக்கா.

அனஸ்ரேசியா: என்ன?

உதயகுமாரி: தொப்பி இல்லை. குதிரையும் இல்லை. ஆனா அவர்தான்.

அனஸ்ரேசியா: காட்டு... லொறியிலை சாஞ்சுகொண்டு நிக்கிறார், காலெல்லாம் பனி. 'ஆத்தோரப் பாதை' எண்டு பேர். இஞ்சை தா உதயா. அங்காலை ஒரு மனுசி றேடியோ, கேத்தில் எல்லாம் கரண்டிலை செருகி வேலை செய்யுதோ எண்டு பாத்துக் குடுக்கிறா. றெக்கோட் மிசினும் நிண்டது. வா.

உதயகுமாரி: கீறல் விழுந்திருக்குமோ...

அனஸ்ரேசியா: விழுந்திருக்கட்டும். ஊசியை வைக்கிறா, பொறு... கதையாதை.

உதயகுமாரி: சுத்தத் துவங்கீட்டுது.

அனஸ்ரேசியா: முதல் கிற்றார் தனிய வருது. பிறகு அந்த வழுக்கி வழுக்கிப் போற கிற்றார்... பிறகுதான் ட்றம். அவசரமே இல்லை இந்த மனுசனுக்கு.

உதயகுமாரி: அதே குரல் அக்கா. இளமையாய்...

அனஸ்ரேசியா: நான் இருபது வருசம் கோயில் கொயரிலை பாடினனான். எங்களுக்கு முதல் சொல்லித் தாறது மூச்சு எடுக்கிற சத்தத்தை ஒளிக்கத்தான். இவர் ஒளிக்கேல்லை. வரிக்கு வரி மூச்சுக் கேக்குது, அதுவும் பாட்டோடை சேர்ந்து வருது. இப்பிடிப் பாடத் துணிவு வேணும் பிள்ளை. குதிரையும் பாலைவனமும் ஆரின்ரையோ உடுப்பு. இது இவரின்ரை சொந்த உடுப்பு. கேள், பால் ரின் ஒண்டோடையொண்டு முட்டுற சத்தத்துக்குத் தாளம் போட்டிருக்கிறார்... இதையோ றேடியோவிலை போடேல்லை?

உதயகுமாரி: பொறுங்கோ, மூண்டு பாட்டு முடிஞ்சுது. இப்ப துவங்கிறது... இந்த மெட்டுத்தான். அக்கா, என்னாலை கேக்க ஏலாது. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோ.

அனஸ்ரேசியா: நாலாவது பாட்டு. உறைக்குப் பின்னாலை எழுதியும் கிடக்கு. 'போகாதை...'

உதயகுமாரி: ஓம்.

அனஸ்ரேசியா: 'போகாதை காட்டுப் பாதையாலை, அங்கை இருட்டு. ஆத்தோரம் போ, அங்கை விளக்கெரியுது. நான் சுகமாய்த்தான் இருக்கிறன். நீ வீடு போய்ச் சேர்.'

உதயகுமாரி: இன்னொருக்கால் வாசியுங்கோ.

அனஸ்ரேசியா: 'நான் சுகமாய்த்தான் இருக்கிறன். நீ வீடு போய்ச் சேர்.' அவர் உன்னை மறிக்கேல்லை பிள்ளை. இருட்டுக்குள்ளை தனியப் போற உனக்கு வழி சொல்லியிருக்கிறார்.

உதயகுமாரி: நான் சப்பாத்தைக் கழட்டக் கழட்ட... அவர் திரும்பத் திரும்பப் போ, போ எண்டு சொல்லியிருக்கிறார்.

அனஸ்ரேசியா: ஒண்டும் விளங்காத பிள்ளையெண்டு நினைச்சிருப்பார்.

உதயகுமாரி: எண்டாலும் எனக்குப் பிளேட்டாலை எறியேல்லை.

அனஸ்ரேசியா: அது அவரின்ரை நல்ல மனசு. கண்ணைத் துடை, சனம் பாக்குது... இதிலை எத்தினை பாட்டு?

உதயகுமாரி: பத்து. இனி இன்னும் பத்துப் பாட்டாலை கதைப்பார் அக்கா. கேக்கிற ஆளுக்கு அது தெரிஞ்சிருக்கவேணும்... உங்களுக்கு ஒண்டு மறைச்சுப்போட்டன்.

அனஸ்ரேசியா: சொல்லு.

உதயகுமாரி: எனக்கு ஆஸ்பத்திரியிலை நிரந்தர வேலை கிடைச்சிருக்கு. இந்தப் 'போகாதை' எண்ட வரியாலை இரண்டு கிழமை மறுமொழி குடுக்காமல் இருந்தனான். வியாழக்கிழமை கடைசி நாள், ஓம் எண்டு சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு நித்திரையில்லை. வாற மாதத்திலையிருந்து அந்த வீட்டுக்கு ஆரை விடுறதெண்டு ஒபிஸிலை கேட்டவை... உங்களை ஒரு சொல்லுக் கேக்காமல் உங்கடை பேரைக் குடுத்திட்டன். பாட்டுத் தெரிஞ்ச ஆள் எண்டு.

அனஸ்ரேசியா: தெரியும். நேற்றே கூப்பிட்டுச் சொன்னவை. அந்த வீடு எனக்கு வேண்டாம் எண்டு உன்ரை முகத்துக்கு நேரை சொல்லத்தான் இண்டைக்கு உன்னோடை வெளிக்கிட்டனான்... அது கிடக்கட்டும். அவருக்குப் பசிச்சால் எந்தப் பாட்டு?