விளக்குமாறு கட்டிய கம்புகள்

"ஹலோ... ஹலோ... யாரு?... ஐலர்ட்டா! டேய், எங்கடா இருக்க? படகு வந்து ஆள இறக்கிட்டுத் திரும்பியும் போயாச்சு. ஹாப்போ துறையில நின்னு நின்னு மூக்கு சிவந்து வந்திருக்கான். இறங்கினது ரெண்டு கிழவியும் ஒரு நாயுமாம்... ஆமா... ஆமாமா, கேக் எல்லாம் ஆச்சு... என்னது? படகுல ஏறவே இல்லியா?"

தொம்மா தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த மாவைத் துணியில் துடைத்தாள். இன்று அவளுக்கு அறுபது முடிகிறது. வட கடலில் கிடக்கும் இந்தச் சின்னத் தீவுக்கு ஹாப்போவைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். தம்பி ஐலர்ட் ஜெர்மன் கரையில் பிறந்த ஊரோடேயே இருந்துகொண்டான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஐரோப்பாவை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன் என்று வசந்தத்தில் சைக்கிளோடு கிளம்பினான். "உன் பிறந்தநாளுக்கு உன் வாசல்லதான் சைக்கிள நிறுத்துவேன்" என்று போகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"அப்ப நாளைக்கா வர்ற?... இன்னைக்கேவா? எப்படி, பறந்தா?... இரு, இரு. அந்தச் சபதத்த நீ இன்னும் விடலியா?"

சபதம் இதுதான். சைக்கிள், ரயில், தன் ரெண்டு கால். இதைத் தவிர வேறெதிலும் ஏறுவதில்லை. கார் கிடையாது, விமானம் கிடையாது, படகும் கிடையாது.

"தெரியும், தெரியும். ரைன் நதியில படகுக்காரன் வா வான்னு கூப்பிட்டும் ஏறாம, பாலத்தத் தேடி மழையில மிதிச்சியே, அத ரெண்டு கார்டுல எழுதியிருந்த. என் குளிர்பெட்டிக் கதவு தெரியல, முழுக்க உன் கார்டுதான். ஸ்பெயின்ல சைக்கிளுக்கு இடமில்லைன்னு ரயில்லேர்ந்து இறக்கி விட்டானாம். ஆல்ப்ஸ்ல பனி விழுந்து, சைக்கிளத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே மலை இறங்கினியாம். ருமேனியாவில நாய் துரத்திச்சாம். கடிச்சிருந்தா கொஞ்சம் புத்தி வந்திருக்கும்... சிரிக்காத. இப்ப எங்க நிக்கற, அதச் சொல்லு முதல்ல."

அவன் சொன்னான். தொம்மாவின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோனது.

"கடல்லயா?"

...

"நடந்தா வர்ற? கூட வழிகாட்டி யாரு?... யாருமே இல்லியா?... சைக்கிளையும் தள்ளிக்கிட்டா? அட கடவுளே."

தினமும் ரெண்டு தரம் கடல் வற்றும்போது கரைக்கும் தீவுக்கும் நடுவில் சேறும் மணலுமாக அடி தெரியும். கோடையில் வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக, வழிகாட்டி முன்னால் போக, வெறுங்காலோடு நடந்து வருவார்கள். தண்ணீர் திரும்புவதற்குள் கரை ஏறிவிட வேண்டும். அக்டோபரில் யாரும் இறங்குவதில்லை.

"ஆமா... ஆமா, நீ கரையில பொறந்தவன், ஒத்துக்கறேன். அப்பாவோட சேத்துல இறால் வாரினவன், ஒத்துக்கறேன். அதான் பயமே. வெளியூர்க்காரன்னா பயந்துக்கிட்டு ஆளக் கூட்டிக்கிட்டு வருவான். எனக்குத் தெரியாத கடலாங்கறவனத்தான் கடல் பாத்துக்கிட்டிருக்கும்... சரி, சரி, திட்டல. பாதி தாண்டிட்டியா?... அதுக்கும் மேலயா? சேத்துல சைக்கிள் மாட்டிக்கிச்சா? அத அங்கயே விட்டுட்டு வர வேண்டியதுதானே... ஆமாமா, அவ்வளவு தூரம் வந்த சைக்கிள், விட மனசு வராது. பொண்டாட்டியக் கூட இப்படிக் கூட்டிக்கிட்டு சுத்தியிருக்க மாட்ட... கம்பு தெரியுதா? வரிசையா நட்டிருப்பாங்களே... தெரியுதா! அப்பாடா. அதையே பிடிச்சுக்கிட்டு வா. ஒரு கம்புலேர்ந்து அடுத்த கம்பு கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் காலெடுத்து வைக்கணும், தெரியுமில்ல?"

போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது அவளுக்கு. வயரை இழுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், தேநீர்ப் பாத்திரத்தைக் கணப்பு மேல் வைத்தாள். கற்கண்டை எடுத்து ஒரு கோப்பையில் போட்டாள், அது தம்பிக்கு. யாராவது வரவேண்டியிருந்தால் கிழக்கு ஜன்னலில் விளக்கேற்றி வைப்பது அந்தத் தீவின் வழக்கம். அதை மத்தியானமே ஏற்றி வைத்திருந்தாள்.

"என்ன சத்தம் அது?... மணியா? சைக்கிள் மணியா! அடேயப்பா, எந்த ஊர் கோயில் மணியக் கழட்டிட்டு வந்த?... மிலானோல பழசத் திருடிட்டான்னு ஹாலந்துல புதுசு வாங்கினியா? அடிடா இன்னொரு தரம்... போதும், போதும், செத்தவன் எழுந்துருவான்... ஆமா, பனிமூட்டம் இங்கயும் இறங்குது. கலங்கரை விளக்கத்துத் தலை காணோம். வேகமா வா. காத்தும் வடமேற்காத் திரும்பிடுச்சு. இந்தக் காத்து அடிச்சா கடல் ஏத்தம் சொன்ன நேரத்துக்குக் காத்திருக்காது, முந்திக்கிட்டு வந்துரும்... உனக்கு இடது கன்னத்துல அடிக்குதில்ல?"

...

"என்ன சொன்ன?"

...

"மூஞ்சிக்கு நேராவா? நல்லாப் பாத்துச் சொல்லு. நேராவா அடிக்குது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கொட்டகைக் கூரைமேல் காற்றுத் திசை காட்டும் இரும்புச் சேவல் வடமேற்கைப் பார்த்து ஆடாமல் நின்றது. கரையிலிருந்து தீவுக்கு வரும் வழி நேர் வடக்கு. அதில் நடப்பவனுக்குக் காற்று முகத்துக்கு நேராக அடிக்க வழியே இல்லை.

"ஐலர்ட், அந்தக் கம்பு... கம்போட தலையில என்ன இருக்கு? சிவப்புத் தகரம் அடிச்சிருக்கா?... இல்லியா? பின்ன என்ன?... குச்சிக் கட்டா. விளக்குமாறு மாதிரியா? விளக்குமாறா கட்டியிருக்கு?"

கோப்பையை மேசைமேல் தள்ளி வைத்தாள்.

அவர்கள் பிறந்த கரையில் விளக்குமாறு கட்டிய கம்பு என்றால் மனிதன் நடக்கும் வழி. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். இந்தத் தீவில் அதே விளக்குமாறு என்றால் படகு போகும் ஆழ ஓடை. நடக்கும் வழிக்குச் சிவப்புத் தகரம். வந்த புதிதில் இவளும் அதைக் கேட்டுச் சிரித்தவள்தான். தம்பியிடம் சொல்லவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அவன் எப்போதும் படகில் வந்து படகில் போகிறவன். இப்போதும் கம்பின் தலையைப் பற்றிக் கேட்காமல், "அதையே பிடிச்சுக்கிட்டு வா" என்று தன் வாயால் சொல்லிவிட்டாள்.

"நில்லு. ஐலர்ட், அங்கயே நில்லு. ஒரு அடி எடுத்து வைக்காத... விளையாடல. அது நடக்கற வழி இல்லடா. நம்ம ஊர் விளக்குமாறு வேற, இந்த ஊர் விளக்குமாறு வேற. நீ இவ்வளவு நேரமும் படகு ஓடையோட கரையிலயே நடந்துக்கிட்டு இருக்க... ஆமா... ஆமா, நான்தான் பிடிச்சுக்கிட்டு வான்னேன்... இரு, லைன்லயே இரு. ஹாப்போ! ஹாப்போ! அந்தத் தட்டக் கீழ வை. ஐலர்ட் சேத்துல நிக்கறான், விளக்குமாறு வரிசையில... ஆமா, கிழக்கு ஓடை... என்கிட்ட கத்தாத, மீட்புப் படக எடு. ஆளுங்களக் கூப்பிடு. ஓடு!"

வாசல் கதவு அடித்து ஓய்ந்தது. ஹாப்போ ஓட்டும் மீட்புப் படகு நிற்கும் துறைமுகம் தீவின் மேற்குக் கோடியில். படகு அங்கிருந்து முனையைச் சுற்றிக்கொண்டுதான் கிழக்குக்கு வர முடியும்.

"ஐலர்ட்?... இருக்கியா?... இப்ப நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. பின்னாடி திரும்பிப் பாரு. உன் கால் தடம் தெரியுதா?... தண்ணியா. நிக்கற தண்ணியா ஓடற தண்ணியா?... ஓடுதா. உன்னப் பாத்தா, உன்ன விட்டா?... சரி... சரி... இல்ல, அதுக்குள்ள இறங்காத. பரண் அந்தப் பக்கம் இருக்குன்னு எனக்கும் தெரியும். தண்ணில மாட்டிக்கிட்டவங்க ஏறி நிக்கன்னே ஏணி வச்சு உயரமாக் கட்டின பரண், பத்து ஆள் தாங்கும். ஆனா நடுவுல இருக்கற பள்ளம்தான்டா முதல்ல நிறையும். முன்னாடி வர்ற கடல எவனும் பாத்துருவான். இது முதுகுக்குப் பின்னால வரும், பூனை மாதிரி... கணுக்கால்னுதான் தெரியும், இறங்கினா இடுப்பு. வேணாம்."

...

"மேடு ஏதாவது இருக்கா?... சிப்பி கிடக்குதா? சிப்பி கிடக்கற திட்டா? அதான், அதான், அதுல ஏறு. அங்கதான் தண்ணி கடைசியா ஏறும். மூட்டை முடிச்சக் கழட்டிப் போடு. சைக்கிளையும் போடு... அட, போடுடா. இந்தச் சுத்து சுத்தினது போதாதா அதுக்கு?... ஏறிட்டியா? கால் காஞ்ச இடத்துல இருக்கா?... நல்லது. நல்ல பிள்ளை. ஹாப்போ கிளம்பிட்டான். வந்துருவான்."

...

"என்ன கேக்கற?... ஆமா, படகுலதான். பின்ன தேர்லயா வருவான்?... ஐலர்ட், இந்த நேரத்துலயா? சபதமாம் சபதம்! எவன்டா பாத்துக்கிட்டு இருக்கான்? கடல்ல நிக்கறவன் படகுல ஏறினா சபதம் உடைஞ்சதுன்னு எந்த ஊர்ல சொல்லுவாங்க?... சிரிக்காத. ஏறுவேன்னு சொல்லு. அறுபது வயசுக்காரிக்கு அதுதான் இன்னைக்குப் பரிசு. வாயத் திறந்து சொல்லு... சொல்லுடா... பேச்ச மாத்தாத."

அவன் பேச்சைத்தான் மாற்றினான். மூட்டம் கொஞ்சம் விலகியிருக்கிறது, ஏதோ வெளிச்சம் தெரிகிறது என்றான்.

"வெளிச்சமா?... எப்படி இருக்கு?... மஞ்சளா, ஒண்ணே ஒண்ணா, தாழ்வா... ஐயோ, அது என் ஜன்னல்டா... ஆமா, கிட்டதான் தெரியும். கல்லெறி தூரமாத்தான் தெரியும்... வராத! நமக்கு நடுவுல இருக்கறதே அந்த ஓடைதான். அதுல கப்பலே போகும். என் வீடு கண்ணு முன்னாடி நிக்கற மாதிரி இருக்கும், கால வச்சா அடி இருக்காது... அடி தெரியுதுன்னு சொல்லாத, எனக்குத் தெரியும், நான் தினமும் பாக்கற தண்ணி அது... நீந்தி வருவியா? இந்தக் குளிர்லயா? அந்த இழுப்புலயா?... சபதத்துல நீச்சல் சேத்தியான்னு நீயே பாத்துக்கோ! ஆழம் தெரியாம கால விட்டது போதும். ஐலர்ட், அக்கா சொல்றேன். கெஞ்சறேன்டா. அந்த வெளிச்சத்தப் பாக்காத. இரு... இதோ, இரு."

அவனுக்காக ஏற்றிய விளக்கு. தொம்மா வயரை எட்டும் மட்டும் இழுத்துப் போய், அதை வாயால் ஊதி அணைத்தாள். பிறகு கூடத்து விளக்கு, அடுப்படி விளக்கு, மாடிப்படி விளக்கு. ஒவ்வொன்றாக அணைய அணைய, பிறந்தநாள் வீடு சாம்பல் நிற மாலைக்குள் அமிழ்ந்தது.

"இப்ப தெரியுதா?... தெரியலியே? நல்லது. தெரிய வேணாம். நான் இருக்கேன். குரல் கேக்குதில்ல, போதும்... தண்ணி எங்க?... சிப்பி வரைக்கும் வந்துடுச்சா. பயப்படாத. மூட்டத்துல ஹாப்போவுக்குக் கண்ணு தெரியாது, காதுதான். அந்த மணிய அடி. சைக்கிள் கால்மாட்டுலதானே கிடக்கு, தூக்கி நிறுத்தி விடாம அடி. நின்ன இடத்துலயே நின்னு அடி. மணி ஒரே இடத்துலேர்ந்து வந்தாத்தான் அவனால பிடிக்க முடியும், புரியுதா?... கேக்குது. கேக்குது. அடி... ஆமா... ஆமா... அப்படித்தான்... சொல்லு, ஏறுவேன்னு சொல்லு... ஐலர்ட்? என்ன? பேட்டரியா? இரு, இரு, வச்சுடாத, ஒண்ணு மட்டும் கேளு, படகு வர்ற வரைக்கும் நகராத, ஐலர்ட்... ஹலோ?... ஹலோ?..."

லைன் அறுந்துபோயிருந்தது.

உயிரில்லாத போனைக் கையில் பிடித்தபடியே தொம்மா கிழக்கு ஜன்னலைத் திறந்தாள். மூட்டம் உள்ளே வந்து முகத்தில் ஒட்டியது. அதற்குள்ளிருந்து, தூரத்தில், மணி கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. ஒரே இடத்திலிருந்து. "அப்படித்தான், அப்படித்தான்" என்று செத்த போனுக்குள் அவள் முணுமுணுத்தாள்.

பிறகு சத்தம் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. இன்னும் கொஞ்சம். காற்று திரும்பியிருக்குமோ என்று கூரைச் சேவலைப் பார்த்தாள். அது வடமேற்கையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியானால் ஹாப்போ அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டானா? சைக்கிளையும் சேர்த்துப் படகில் ஏற்றி, அந்தக் குறும்புக்காரன் அதில் உட்கார்ந்துகொண்டு அடித்து வருகிறானா?

ஜன்னலுக்கு வெளியே குனிந்து காதைத் தீட்டினாள். மணி ஓடைப் பக்கமாக நெருங்கி வந்துகொண்டே இருந்தது. மோட்டார் சத்தம் மட்டும் எங்கேயும் இல்லை.