ஊர்ப்பெயருக்குப் பின்னால் இரண்டு புள்ளி

டாக்டரம்மா, புதுக் கம்ப்யூட்டரை மேசையில் வைத்த அன்று உங்கள் மகள் குந்தவை என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். "மாமா, பழைய கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சதையெல்லாம் இதுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?" என்று கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளை. நீங்கள் சிரித்தீர்கள். புதியதைப் பொருத்தி எனக்குப் பழக்க வந்திருந்த மர்யம், "நானும் உங்க மாமாவும்தான் பாப்பா" என்றாள். நான் குழந்தைக்கு ஒரு கடலைமிட்டாய் கொடுத்தேன்.

இதை அந்தக் கம்ப்யூட்டரில், நோயாளி பக்கிரியின் விவரப் பக்கத்தில், குறிப்பு எழுதும் கட்டத்தில் எழுதுகிறேன். மாலை ஐந்து மணிக்கு மர்யம் வந்து, பக்கிரி இறந்ததற்குத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று வக்கீல் எழுதிய தாளில் கையெழுத்துப் போடப் போகிறாள். அதற்கு முன்னால் நீங்கள் இதைப் படித்துவிடுவீர்கள்.

உங்கள் அப்பா காலத்திலிருந்து இருபத்திரண்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போடுகிறேன். பழைய விண்டோஸ் பெட்டியில் நான் மவுஸைத் தொட்டதே இல்லை. நோயாளி பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சீட்டு அச்சாகி வந்துவிடும். அந்தப் புரோகிராமில் ஒரு குறை உண்டு. ஒருவர் உடம்புக்கு ஆகாத மருந்தை எழுத அதில் இடமே கிடையாது. பெரிய டாக்டரிடம், உங்கள் அப்பாவிடம், கேட்டபோது, "எங்கயாவது எழுதுய்யா, என் கண்ணுல பட்டாச் சரி" என்றார். விலாச வரியில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் இரண்டு புள்ளி வைத்து மருந்தின் பெயரை அடிக்க ஆரம்பித்தேன். சீட்டின் தலையில் அது அச்சாகும். அவரும் பார்த்தார், அவருக்குப் பின் நீங்களும் பார்த்தீர்கள். அது எந்த வரியிலிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்டதில்லை. அப்படி முந்நூற்று நாற்பது பேர். எல்லோருடைய முகமும் மருந்தும் எனக்குத் தெரியும்.

புதியது லினக்ஸ். மர்யம் நாகூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பழைய பட்டன் எது, அதற்குப் பதில் புதிய பட்டன் எது என்று ஓர் அட்டையில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். பத்துத் தடவை கேட்டாலும் முகம் மாறாது. இருந்தாலும் எனக்கு ஒரு சீட்டுக்கு நான்கு நிமிடம் ஆனது. வரிசை சைக்கிள் நிறுத்தும் இடம் வரை போனது. "என்ன சார், புது மிஷினு உங்களைப் படுக்கப் போட்டுருச்சு போலருக்கு" என்றார்கள். "நாங்க அறுப்புக்குப் போயிட்டு வர்றோம், அதுக்குள்ள பேரை அடிச்சு வைங்க" என்று ஒரு அம்மாள் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐம்பத்தொரு வயதில் அப்படிச் சிரிப்பது கொஞ்சம் சிரமம்.

பழைய விவரங்களைப் புதியதில் ஏற்றிய மறுநாளே ஒன்றைக் கவனித்தேன். புதியதில் ஊரை அடிக்க முடியாது, பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் ஊர் மட்டும் வந்தது. புள்ளியும் அதன் பின்னால் இருந்ததும் உதிர்ந்துவிட்டன. ஆகாத மருந்துக்கென்று சிவப்பாக ஒரு கட்டம் இருந்தது. எல்லோருக்கும் அது காலியாக இருந்தது.

அந்த வாரம் நீங்கள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "ஆகாத மருந்தெல்லாம் சரியா ஏறிடுச்சா?" என்று கேட்டீர்கள். மர்யம், "பழசுல இருந்த எல்லாக் கட்டமும் ஏறிடுச்சு மேடம், எண்ணிப் பாத்துட்டேன்" என்றாள். அவள் சொன்னது உண்மை. கட்டங்கள் எல்லாம் ஏறியிருந்தன. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஆமென்று தலையசைத்தேன்.

யாருக்கும் தீங்கு வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தினமும் காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வருகிறேன். யாராவது ஒருவருக்கு உடம்பில் தடிப்பு வரும், கொஞ்சம் மூச்சு முட்டும், நீங்கள் மாற்று மருந்து போட்டுச் சரிசெய்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். புதுக் கம்ப்யூட்டரை நம்ப முடியாது என்று உங்களுக்கும் தெரியவரும். பழைய பெட்டி மாடியில் துணி போர்த்தியபடி பத்திரமாக இருந்தது.

அதிலும் நான் கவனமாகவே இருந்தேன். முந்நூற்று நாற்பது பேரில் குழந்தைகள் வந்தால், பிள்ளைத்தாய்ச்சிகள் வந்தால், தள்ளாதவர்கள் வந்தால், சீட்டில் பேனாவால் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவேன். மூன்று மாதத்தில் இருபத்தாறு பேருக்கு எழுதினேன். "கம்ப்யூட்டரை விட நீங்கதான் கவனம் தியாகராசன்" என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். தாங்கக்கூடிய உடம்பாக ஒருவர் வரட்டும் என்று காத்திருந்தேன்.

புரட்டாசியில் பக்கிரி வந்தார். நடவுக்குச் சேறடிக்கும்போது பவர் டில்லரின் சக்கரம் பாதத்தைக் கிழித்திருந்தது. நாற்பது வயதிருக்கும், இரண்டு நெல் மூட்டையை ஒரே நடையில் தூக்கக்கூடிய ஆள். மனைவி செவ்வந்தி கூட வந்திருந்தாள். அவர் நிற்க முடியாமல் நின்றதைப் பார்த்து என் நாற்காலியைக் கொடுத்தேன். தண்ணீரும் கொடுத்தேன்.

"சார் எந்திரிச்சு நமக்கு எடம் குடுக்குறாரு பாத்தியா? இனிமே நான்தான் இங்க ஆபீஸரு" என்று மனைவியிடம் சொன்னார்.

"ஆபீஸருக்கு ரத்தம் ஒழுகுது, பேசாம இரு" என்றாள் அவள்.

உள்ளே நர்ஸ் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "எதாவது ஊசி ஒத்துக்காதாண்ணே?"

"ஒண்ணு ஆகாதுன்னு பெரிய டாக்டர் சொன்னாருங்க. பேரு வாயில வரல. கம்ப்யூட்டர்ல போட்டுருக்காங்க, சார்தான் போட்டாரு. பாருங்க."

நர்ஸ் திரையைப் பார்த்தாள். சிவப்புக் கட்டம் காலியாக இருந்தது. "ஒண்ணும் இல்லையே" என்றாள்.

"அப்ப சரியாயிருக்கும்" என்றார் பக்கிரி.

என் மேசைக்கும் அந்தக் கதவுக்கும் ஏழு அடி. அந்த மருந்தின் பெயர் என் நாக்கில் இருந்தது. அடுத்த நோயாளி தன் ஊர் கிளியனூர் என்றாள். நான் பட்டியலில் கிளியனூரைத் தேடிக்கொண்டிருந்தேன். அது கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு நீங்கள் ஓடும் சத்தம் கேட்டது.

நீங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தீர்கள். உங்கள் மேல் குற்றம் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினேன். செவ்வந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா நீங்கதான் சார் தண்ணி குடுத்தீங்க" என்று அழுதாள். அந்த அம்மாளுக்கு அது ஓர் ஆறுதல்தானே என்று நினைத்தேன்.

நீங்கள் விசாரித்தபோது மர்யமைப் பற்றி நான் கெடுதலாக ஒன்றும் சொல்லவில்லை. "நல்ல பொண்ணும்மா. வேலைப் பளுவுல விட்டுருக்கும்" என்றுதான் சொன்னேன். அதைக் கேட்டபின் நீங்கள் வேறு யாரையும் கேட்கவில்லை. மர்யம் என்னைப் பார்த்து, "எனக்காகப் பேசினீங்கண்ணே" என்றாள்.

பழைய பெட்டியை நீங்கள் திரும்பக் கொண்டுவரவில்லை. மாடியில் மழைநீர் இறங்கி அது கெட்டுவிட்டது என்று பிறகு தெரிந்தது. எனக்கும் புதியது பழகிவிட்டது. பக்கிரி இறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு சீட்டுக்கு அரை நிமிடம்தான் ஆகிறது. பழையதைவிட வேகம். மர்யம் எழுதிக்கொடுத்த அட்டையைப் பார்க்காமலே கை போகிறது. முந்நூற்று முப்பத்தொன்பது பேருக்கும் சிவப்புக் கட்டத்தை நானே நிரப்பினேன். இன்று பக்கிரிக்கும் நிரப்பிவிட்டேன். தெரிந்தே மறைத்தது நான். தெரிந்தே அவரை உள்ளே அனுப்பியது நான். மர்யமுக்கு இதில் எதுவும் தெரியாது.

இதை இன்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆவணியில் ஒருநாள் எக்ஸ்ரே பட்டியல் முழுவதும் அழிந்துபோனதென்று மர்யமை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டீர்கள். அழித்தது நான். பழையதில் சேமிக்கும் பட்டன் புதியதில் எல்லாவற்றையும் துடைத்துவிடும், பழக்கத்தில் அதை அழுத்திவிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "என் கைதான் பட்டுருச்சு மேடம்" என்றாள். பிறகு என்னிடம் டீ டம்ளரை நீட்டி, "விடுங்கண்ணே, புதுசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள். அன்றிலிருந்து அது என் மனதில் ஒரு கடனாகவே இருந்தது.

இப்போது மணி இரண்டு. எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். இந்தக் கம்ப்யூட்டர் எழுதியவர் பெயரையும் நேரத்தையும் தானாகவே போட்டுக்கொள்ளும். இந்தக் குறிப்புக் கட்டத்தில் ஏறியதை மட்டும் யாரும் அழிக்க முடியாது. அவள் என் தவறு ஒன்றைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டாள், நான் அவள் பெயரில் இருக்கும் ஒன்றை என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன். ஒன்றுக்கு ஒன்று. இனி அவளுக்கும் எனக்கும் பாக்கி எதுவும் இல்லை.