உள்ளே ஒன்றும் இல்லாத தட்டு

எனது பெயரையும் தகப்பனார் பெயரையும் காவல் நிலைய எழுத்தர் மேலே குறித்துக்கொண்டார். வயது முப்பத்தெட்டு. சலவைக் கடைக்கு மேல்மாடியில் அண்ணன், அண்ணியுடன் வசித்துவருகிறேன். ஆராய்ச்சிக்கூடத்தில் லேசர் பிரிவில் ஆய்வாளராக இருக்கிறேன். அங்கே வந்து என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது, சிடுமூஞ்சி என்று கேட்டால் வாசல் காவலாளியே வழிகாட்டுவார். அந்தப் பட்டம் எனக்கு ஏன் வந்தது என்பதும் இந்தப் புகாரில் சேர்ந்ததுதான், ஆகவே அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் வேலை பிளாஸ்டிக் படலத்தின் மேல் லேசர் ஒளியை ஓட்டுவது. சாதாரணப் படலத்தில் தண்ணீர் விட்டால் மெழுகில் விட்டதுபோல் முத்தாக நின்று உருண்டுவிடும். உயிரணுவும் அதில் ஒட்டாது, ஒட்டாத உயிரணு வளராது. லேசர் பட்ட படலத்தின் மேற்பரப்பு மாறி, கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் ஏறி, தண்ணீர் பரவி நிற்கும், உயிரணு கால் ஊன்றிக்கொள்ளும். ஆனால் அதன்மேல் ஒரு விரல் பட்டால் போதும், விரலில் உள்ள எண்ணெய்ப் பசை ஏறி எல்லாம் பாழ். விஷயம் இவ்வளவுதான். இதைத்தான் வருடக்கணக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிவருகிறேன்.

எனது அண்ணி கீழே உள்ள சலவைக் கடையில் நீராவி இஸ்திரி போடுபவர். குழாய் பிடுங்கிக்கொண்டதில் அவருக்குக் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை வெந்துவிட்டது. தொடையிலிருந்து உரித்து ஒட்டிய தோல் பாதிதான் பிடித்தது. அதன் பிறகு தீக்காய மருத்துவர் அண்ணியின் காதுக்குப் பின்னால் துளி தோல் எடுத்து எங்கள் கூடத்துக்கு அனுப்பினார். அதிலிருந்து பிரித்த உயிரணுக்களை எங்கள் படலத்தில் வளர்த்துப் புண்ணின் மேல் வைப்பதாக ஏற்பாடு. அனுமதி எல்லாம் முறைப்படி வாங்கப்பட்டது, கையெழுத்திட்டவர் இன்று என்மேல் புகார் கொடுத்திருக்கும் எங்கள் கூடத்தின் இயக்குநரே.

இயக்குநருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் லேசர் பட்ட படலம் ஒன்று, படாதது ஒன்று எடுத்துவைத்துத் தண்ணீர்த் துளி விட்டுக் காட்டுவார். ஒன்றில் உருளும், ஒன்றில் பரவும், வந்தவர்கள் கைதட்டுவார்கள். "தொட்டுப் பாருங்க சார், ஒரு வித்தியாசமும் தெரியாது" என்பார். நான் சிவப்பு மையில் 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டிய பெட்டியிலிருந்துதான் எடுப்பார். நான் கத்தினால் சிடுமூஞ்சி. பட்டம் கொடுத்தவரும் அவரே.

முதல் தடவை அண்ணியின் உயிரணுக்களைப் படலத்தில் இட்டுச் சில நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தேன். ஓரமெல்லாம் வளர்ந்திருந்தது, நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை அச்சு எடுத்ததுபோல் வெறுமையாக இருந்தது. ஐயா, உங்கள் துறையில்கூட ரேகை இவ்வளவு சுத்தமாக விழாது. இயக்குநரை அழைத்துக் காட்டினேன். "ஒரு விரல் பட்டதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? விடும்மா, அடுத்த தடவை வளரும்" என்றார்.

அடுத்த தடவைக்கு அண்ணியின் இன்னொரு காதுக்குப் பின்னால் எடுத்தார்கள். "இந்தக் காதும் போச்சு. அடுத்து மூக்கைக் கேப்ப போலிருக்கே" என்று அண்ணி சிரித்தார். சிரித்தால் அவருக்குக் கழுத்துத் தோல் இழுத்து முகம் கோணும், அதனால் கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டுதான் சிரிப்பார். புண் இனிமேல் காத்திருக்காது, மூன்றாவது முறை எடுப்பதற்கில்லை என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டார்.

இன்று காலை புதுப் படலத்துக்கு லேசர் ஓட்டி முடித்தேன். உயிரணுக்களை இடப்போகும் நேரம் பார்த்து இயக்குநர் விருந்தினர் மூவருடன் நடையில் வந்தார். "சூடா ஒண்ணு போட்டிருக்கியாமே, எடு" என்றார். இது என் அண்ணிக்கு உரியது என்றேன். "ஒரு துளிதானேம்மா" என்று கையை நீட்டினார். அதன் பிறகு நான் சிரித்த முகமாக, "கூட்ட அறையில உட்காருங்க சார், கொண்டுவரேன்" என்றேன். நான் சிரித்ததைப் பார்த்தாவது அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நால்வரும் உட்கார்ந்த பின் வெளியே தாழிட்டேன். ஆம், நான்தான் தாழிட்டேன்.

அதன் பிறகு உயிரணுக்களைப் படலத்தில் இட்டு, படலம் இருந்த வட்டத் தட்டை மூடி, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியில் வைத்தேன். "கதவத் திற, உன் வேலை போயிடும்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "போகட்டும் சார். உயிரணு ஒட்டுற வரைக்கும் இருங்க. மேசையில தண்ணி பாட்டில் இருக்கு, துளி விட்டு விளையாடுங்க" என்றேன். இப்படிச் சொன்னது தவறுதான், ஆனால் வயிறு எரிந்து சொன்னது.

விருந்தினரில் ஒருவர் உங்களுக்கு போன் செய்தார். காவலர்கள் வந்ததும் நானே கதவைத் திறந்துவிட்டேன். நிறுவனச் சொத்தைக் குடும்பத்துக்காக அபகரித்ததாக இயக்குநர் சொல்லவும், தலைமைக் காவலர் இன்குபேட்டரைத் திறந்து தட்டை எடுத்தார். "உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா" என்று மூடியைத் திறக்கப்போனார். அவர் மணிக்கட்டை நான் பிடித்தது உண்மை. பணியைத் தடுத்தேன் என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளவும்.

நிலையத்தில் தட்டை மின்விசிறிக்குக் கீழே வைத்தார்கள். அதற்கு உடம்புச் சூடு வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே யாரையும் கேட்காமல் எடுத்து இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் மூடிக்கொண்டேன். இதுவரை சொன்னதெல்லாம் அப்படியே உட்கார்ந்து சொன்னது.

கைப்பற்றிய பொருள் என்ற இடத்தில், 'மூடியுடன் கூடிய வட்டத் தட்டு ஒன்று, உள்ளே ஒன்றும் இல்லை' என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார்கள். அதை அடித்து, 'உள்ளே என் அண்ணியின் தோல் இருக்கிறது' என்று எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். எழுத்தர், பக்கத்தில் நின்ற பெண் காவலரைப் பார்த்தார். பெண் காவலர், "எழுதுங்க சார், நமக்கென்ன" என்றார். எழுத்தர் அடித்து எழுதினார்.

மற்றவை யாவும் நான் சொன்னபடியே எழுதப்பட்டு, நடந்தது நடந்தபடி இருக்கக் கண்டு ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்துப் போட ஒரு கை வேண்டியிருந்ததால் தட்டைப் பெண் காவலரிடம் கொடுத்தேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் தொட்டு ஜில்லென்றிருந்த தன் கைகளை முதலில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அதன் பிறகு வாங்கினார்.

(ஒப்பம்)