வாயாடி வாய் மூடிய விதம்

குழந்தைகளுக்குத் தலையில் சிக்கெடுப்பது எனக்கு நன்றாக வரும், மேடம். நுனியிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது வலிக்காது.

தங்கை படுத்த படுக்கையானபோது என்னைத்தான் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். பாதி நாள் சாலையில்தான். எனக்கென்று யாருமில்லை. துணிக்கடையில் அன்றைய தையல் வேலை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். நாலு வயது மகள் முகத்தைப் பிடித்துத் திருப்பினாலும் கண் அவள்மேல் நிற்கவில்லை. மனச்சோர்வு என்றார் டாக்டர்.

மகளை நாங்கள் வாயாடி என்போம். அம்மாவின் காதருகே உட்கார்ந்து ஓயாமல் பேசுவாள். பதில் வராவிட்டால் பொம்மையால் அம்மாவின் முதுகில் அடிப்பாள். "அம்மா தூங்கட்டும், சத்தம் போடாதே" என்று தூக்கிப்போவேன். எந்தப் பெரியம்மாவும் சொல்வதுதானே.

பிறகு படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். நர்சரியில் இன்னொரு பிள்ளையைக் கடித்து வைத்தாள். டீச்சர் கூப்பிட்டனுப்பினார்.

"யார்கிட்டயும் ஒட்ட மாட்டேங்குறா. அவங்க அம்மாவ ஒருதரம் வரச் சொல்லுங்களேன்."

"அவ எங்கங்க வர்றது? இவளுக்கு எல்லாம் நான்தான்."

அதைச் சொல்லும்போது, மறைக்க மாட்டேன், நெஞ்சு நிறைந்திருந்தது. குழந்தை என் உடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை என்னை யாரும் அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை.

மருந்து மெல்ல வேலை செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை தானே எழுந்து குளித்தாள். தரையில் உட்கார்ந்து கையை விரித்தாள். "வாடி என் வாயாடி, அம்மாகிட்ட ஏதாவது பேசு."

குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தலையை ஆட்டியபடி பின்னால் நகர்ந்து என் காலில் முட்டி நின்றாள்.

தங்கையின் கை விரித்தபடியே இருந்தது. "என்னைப் பார்த்தா பயப்படுறாளா அக்கா? நான் அவள என்ன பண்ணிட்டேன்?"

"குழந்தைங்க அப்படித்தான். நீ போய்ப் படு."

"நான் இல்லாம இருந்தாதான் இவளுக்கு நல்லதோ?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது இருந்த மாத்திரைகளையெல்லாம் விழுங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததால் உயிர் தப்பியது. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள்.

குழந்தை ஏன் வாயைப் பொத்தினாள் என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், தங்கை பசிக்கிறது என்று சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அந்த வாரம்தான், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன். "அம்மா உன்னாலதான் படுத்துட்டா. உன் குரல் காதுல விழுந்தா அம்மா செத்துப்போயிடுவா." மறந்துவிடக் கூடாதே என்று தினமும் சொன்னேன்.

இப்போது குழந்தை என்னிடமும் பேசுவதில்லை. ஆனால் அடம் இல்லை, அழுகை இல்லை. நேற்று கதவிடுக்கில் விரல் நசுங்கி நகமே பெயர்ந்துவிட்டது. தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு முனகல்கூட இல்லை. குழந்தைகள் நல அலுவலகத்தில் அவளை என்னிடமிருந்து பிரிக்கப் போகிறீர்களாம். இவ்வளவு நல்ல பிள்ளையாக வேறு யார் வளர்ப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.