ஃபஹ்மீதா ஆபாவின் பொத்தான்

இந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. காவல் நிலையம் என்றால் புழுங்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். கொஞ்சம் குறைத்து வை, மேசைக் காகிதங்கள் பறக்கின்றன. இன்ஸ்பெக்டர் என்றுதான் உன்னைக் கூப்பிட வேண்டும். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் மகளே என்றுதான் வாயில் வருகிறது, பொறுத்துக்கொள். தேநீரைக் குடி, ஆடை கட்டுகிறது.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. சூரியன் மறைந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்பே ஃபஹ்மீதா ஆபா இறந்துவிட்டாள் என்கிறார் மருத்துவர். அவள் டிவி பக்கத்தில் இருக்கிற கணக்குப் பெட்டியோ, எட்டு மணித் தொடரை அவள் கடைசிவரை பார்த்தாள் என்கிறது. இரண்டில் எது உண்மை என்கிறாய். இரண்டும் உண்மைதான். நிதானமாகச் சொல்கிறேன், கேள்.

குல்னார் சேனலை உனக்குத் தெரிந்திருக்கும், உன் அம்மா பார்த்திருப்பாள். சதர் கடைவீதியில் ஒரு கல்யாணத் துணிக்கடைக்கு மேலே மூன்று அறைகளில் தொடங்கியது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டியவர்களில் நானும் ஒருத்தி. முதலாளி யாவர் சாஹிப் அதுவரை கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். சமையலை முடித்துவிட்டு உட்காருகிற பெண்ணுக்கு அவள் பேசுகிற உருதுவில் ஒரு கதை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. என்னைத் தொலைபேசியில் உட்கார வைத்தார். பார்க்கிறவர்கள் கூப்பிட்டுச் சொல்வதைக் கேட்பது என் வேலை. முதலில் யாரும் கூப்பிடவில்லை. நாங்களே வீடு வீடாகக் கூப்பிட்டு, "எங்க சேனல் தெரியுதாம்மா?" என்று கேட்டோம்.

"தெரியுது. ஆம்பளைங்க தலைதான் பச்சையா இருக்கு" என்றாள் ஒருத்தி. யாவர் சாஹிப் அன்று எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஒரு மாமியார் தொடர் எங்களைத் தூக்கிவிட்டது. மாமியாராக நடித்தவளைக் காய்கறிக் கடையில் பெண்கள் சூழ்ந்துகொண்டு திட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தை நாங்கள் முழுசாக அனுபவிக்கவில்லை. பெரிய சேனல்கள் எங்கள் எழுத்தாளரை அழைத்துக்கொண்டன, நடிகையை அழைத்துக்கொண்டன, கடைசியில் ஒப்பனைக்காரியைக்கூட விடவில்லை. கேபிள்காரர்கள் எங்களை முன்வரிசை எண்ணிலிருந்து எடுத்து, புள்ளிப் புள்ளியாகப் படம் தெரிகிற கடைசி எண்களில் போட்டார்கள். சம்பளம் நின்றது. ஆனாலும் மிஞ்சியிருந்தவர்கள் போகவில்லை. மதியம் யாவர் சாஹிப் வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் பருப்பு வரும், சுற்றி உட்கார்ந்து ரொட்டியைத் தொட்டுத் தின்போம். எனக்குக் கணவர் இல்லை, பிள்ளை இல்லை. வீடு என்று சொன்னால் எனக்கு அந்த முட்டை அட்டைச் சுவர்தான் ஞாபகம் வரும்.

அந்தக் காலத்தில்தான் ஆபா தொலைபேசியில் கூப்பிட்டாள். அக்கா முறை வைத்து முதல் நாளிலிருந்தே அவள் எனக்கு ஆபாதான். நாங்கள் 'பாதி வீடு' என்ற தொடரைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"உங்க கதாநாயகி ஏன்டி எப்பப் பாரு அழுதுக்கிட்டே இருக்கா? அந்த வீட்ல ஒரு கைக்குட்டை கிடையாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பேச ஆள் கிடைத்த குஷியில் பேசிக்கொண்டே போனாள். கணவர் காலமானது, மகள் ரூஹி க்வெட்டாவில் இருப்பது, முட்டி வலி. நடுவில் சொன்னாள்:

"டிவி பக்கத்துல ஒரு பெட்டி வச்சுட்டுப் போயிருக்காங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம். அதான் உன்கிட்ட மட்டும் சொல்றேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த ஊரில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எல்லா வீட்டிலும் போய்க் கேட்க முடியாது. அதனால் சில வீடுகளில் மட்டும் அந்தப் பெட்டியை வைத்திருக்கிறார்கள், எந்த வீடுகள் என்பது ரகசியம். டிவி முன்னால் உட்காருகிறவர் தன் பொத்தானை அழுத்த வேண்டும். ஆபா ஒருத்தி அழுத்தினால் ஒரு பேட்டையே உட்கார்ந்து பார்த்த கணக்கு. சோப்புக் கம்பெனியும் தேயிலைக் கம்பெனியும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் விளம்பரம் கொடுப்பார்கள். எங்கள் உயிர் அந்தப் பொத்தானில் இருந்தது என்றால் மிகையில்லை. யாவர் சாஹிப்பிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. அவர்மேல் எதுவும் எழுதாதே.

சமோசா வாங்கிக்கொண்டு நாஜிமாபாத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். மறுவாரமும் போனேன். பிறகு தினமும் சாயங்காலம். நடிப்பு என்று நினைக்காதே, எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிடுவேன். மருந்து எடுத்துக் கொடுப்பேன். மின்சாரம் அடிக்கடி போகிறதே என்று, தொடர் நடுவில் அணைந்துவிடக் கூடாதே என்று, என் கைக்காசில் ஒரு பேட்டரி வாங்கி மாட்டினேன். "இன்வெர்ட்டர் வச்ச ராஜகுமாரி ஆயிட்டேன்டி" என்று தெருவுக்கே சொன்னாள்.

சில நாள் தொடர் நடக்கும்போதே தூங்கிவிடுவாள். அப்போது அவள் பொத்தானை நான் அழுத்துவேன். அதில் என்ன தப்பு, விழித்திருந்தால் அவளே அழுத்தியிருப்பாள்.

ரம்ஜான் நெருங்கியபோது ரூஹி தன் அம்மாவை அழைத்துக்கொண்டு போவதாகச் சொன்னாள். க்வெட்டா குளிர்ச்சியான ஊர். ஆபா துணிகளைக்கூட மூட்டை கட்டி வைத்துவிட்டாள். நான் ரூஹியைக் கூப்பிட்டு, "நீண்ட ரயில் பயணம் இதயத்துக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. நான் பக்கத்துலயே இருக்கேன், நீ கவலைப்படாதே" என்றேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. "நீங்க எங்கம்மாவுக்கு இன்னொரு மகள்" என்று ரூஹி அழுதாள். ஆபாவிடம், ரூஹிக்கு இந்த மாதம் வசதிப்படவில்லையாம் என்று சொன்னேன். அவள் துணி மூட்டையை அவிழ்த்தாள்.

அந்த ரம்ஜான் வெயில் உனக்கும் ஞாபகம் இருக்கும். கடல் காற்று நின்றே போனது. பிணவறைகளில் இடம் இல்லை என்றார்கள். மற்ற சேனல்கள் நோன்பு திறந்ததும் பரிசு நிகழ்ச்சிகள் போட்டன. ஆபாவே சொன்னாள், "அங்க ஃப்ரிட்ஜ் குடுக்குறாங்கடி, நீங்க கண்ணீர்தானே குடுக்குறீங்க." எங்களிடம் கொடுக்க வேறெதுவும் இல்லை. 'பாதி வீடு' கடைசிப் பகுதி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அன்று காலை யாவர் சாஹிப் எங்களைக் கூப்பிட்டு, இதிலும் எண் வராவிட்டால் மூடிவிடலாம், மேல்தளத்தைத் துணிக்கடைக்காரர் கிடங்குக்குக் கேட்கிறார் என்றார்.

மதியத் தொழுகை முடிந்து ஆபா வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி, மேலே மொட்டை வெயில். சுவரில் கை வைக்க முடியவில்லை. மின்சாரம் காலையிலேயே போயிருந்தது, மின்விசிறி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே படுத்திருந்தாள்.

"வாடி டிவிக்காரி. உன் கண்மையெல்லாம் கன்னத்துக்கு வந்துடுச்சு."

"நோன்பை விட்டுடுங்க ஆபா. இந்த வெயிலுக்கு அல்லாஹ் மன்னிப்பான்" என்றேன். நான் இதைச் சொன்னேன் என்பதை எழுதிக்கொள்.

"அல்லாஹ் மன்னிப்பான். எதிர்வீட்டுக்காரி மன்னிக்க மாட்டா" என்றாள். சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "எட்டு மணிக்கு எழுப்பிடு. அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போறாளா இல்லையான்னு நான் பாக்கணும்" என்றாள்.

அவளே கேட்டாள், மகளே. அதையும் எழுதிக்கொள்.

அந்தப் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் கிடையாது. காலையிலிருந்து மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு மணிக்கு டிவிக்குப் போதுமா என்று யோசித்தேன். போதாது என்று எனக்குப் பட்டது. எழுந்து போய் பேட்டரியிலிருந்து மின்விசிறியின் வயரைப் பிடுங்கினேன்.

பிடுங்கியதும் அது நின்றுவிடாது. கொஞ்ச நேரம் தானாகவே சுற்றும். பிறகு இறக்கைகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். கடைசிச் சுற்றில் ஒரு முனகல் வரும். இப்போது எந்த வீட்டில் மின்விசிறி நின்றாலும் எனக்கு அது கேட்கிறது.

"காத்து நின்னுடுச்சேடி."

"பேட்டரி தீந்துடுச்சு ஆபா. கரண்ட் வந்துடும்."

ஓலை விசிறியால் வீசினேன். கை மாற்றிக் கை மாற்றி வீசினேன். அவள் தோல் நெருப்பாக இருந்தது. ஏதோ உளறினாள். ரூஹி வீட்டில் போர்வை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு தெரு தள்ளி மருத்துவமனை. அங்கே கொண்டுபோயிருந்தால் அந்தக் கூட்டத்தில் ராத்திரி ஆகியிருக்கும், அவள் தொடரைத் தவறவிட்டிருப்பாள். பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் விசிறியை நிறுத்திப் பார்த்தேன். மூச்சு இல்லை.

பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தேன். ஒன்றை அவள் உதட்டில் வைத்துப் பார்த்தேன். பிறகு தலையணைகளை முட்டுக்கொடுத்து அவளை டிவியைப் பார்க்க உட்கார வைத்தேன். எட்டு மணிக்கு அவள் பொத்தானை அழுத்தினேன். அந்தப் பெட்டி நடுநடுவே கண் சிமிட்டும், இன்னும் இருக்கிறீர்களா என்று கேட்பதுபோல. ஒவ்வொரு தடவையும் அழுத்தினேன். அந்தப் பெண் வீட்டை விட்டுப் போகவில்லை. அதை ஆபாவின் காதருகே சொன்னேன்.

அந்த வாரம் எங்கள் எண் ஏறியது. விளம்பரம் வந்தது, சேனல் இன்னும் ஓடுகிறது. சம்பளம் வந்த அன்று யாவர் சாஹிப் ஒருவர் விடாமல் எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் எட்டு மணியானால் இந்தக் கட்டைவிரல் தானாக அழுந்துகிறது. சோறு பிசையும்போதுகூட. பார், இப்போதுகூட.

அவளை நான் நேசித்தேன் என்பதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். தொடர் முடிந்ததும் அவளைத் தனியே விட மனம் வரவில்லை. டிவியை அணைத்தேன், மின்விசிறி வயரைத் திரும்பச் சொருகினேன். பட்டென்று சுற்றியது. வியர்வையில் நனைந்திருந்த அவள் முடி காயட்டும் என்று அதன் கீழேயே படுக்க வைத்தேன். விடியலுக்கு முன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்புகிறவர்கள் தெருவில் தட்டிக்கொண்டு போனபோதும் சுற்றியது. விடிந்து, தெருவில் மின்சாரம் வரும்வரை அது பேட்டரியிலேயே நிற்காமல் ஓடியது.

நல்ல பேட்டரி, மகளே. ஆபாவுக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கியது.